துட்டன்காமன் போன பிறகும் தஹ்ரீர் மியூசியத்துக்குப் போக வேண்டுமா? தானிஸ் புதையலுக்காகக் கட்டாயம் போகலாம்

கெய்ரோவில் பழைய எகிப்திய மன்னர்களின் கல்லறைப் புதையலைப் பார்க்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் இப்போது கைகாட்டுவது கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பரில் முறையாகத் திறந்த கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தைத்தான். அதில் தப்பே இல்லை. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த 5,000-க்கும் மேற்பட்ட பொருட்களை முதல் தடவையாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள், பார்த்தே ஆக வேண்டியது. ஆனால் அதோடு இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய மியூசியம் காலி, துட்டன்காமனின் தங்க முகமூடி போய்விட்டது, மம்மிகளும் போய்விட்டன, அங்கே போவது நேர விரயம் என்கிறார்கள். பயணத் திட்டம் போடும் குழுக்களில் நாலில் ஒருவராவது இதைச் சொல்கிறார். அங்கே போய் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை நம்பித் தஹ்ரீரை விட்டுவிடாதீர்கள். உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு அரச புதையல் அங்கே மாடியில் இருக்கிறது. அதன் பெயர் தானிஸ்.

முதலில் கட்டடத்தைப் பற்றி இரண்டு வரி. 1902-இல் திறந்தது, மார்செல் தூர்ன்யோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைந்தது, இளஞ்சிவப்பு நிறம், நடுவில் உயரமான கூடம், மேலே கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெளிச்சம். 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாக ஃபுஸ்தாத்தில் இருக்கும் தேசிய நாகரிக மியூசியத்துக்குக் கொண்டு போனார்கள். அப்புறம் துட்டன்காமன் பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக கீசாவுக்குப் போய், கடைசியாகத் தங்க முகமூடியும் போனது. இவ்வளவு போன பிறகும் கீழ்த்தளத்தில் எகிப்தின் ஆதி மன்னன் நார்மரைச் செதுக்கிய கல் பலகை இருக்கிறது, பருந்துக் கடவுள் தலைக்குப் பின்னால் சிறகு விரித்து நிற்கும் காஃப்ரே மன்னன் சிலை இருக்கிறது. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் மாடிக்குப் போகிறேன்.

மாடிக்குப் போவதே எங்களுக்குப் போராட்டமாகிவிட்டது. ஒரு சுற்றுலா நிறுவனம் ஏற்பாடு செய்துகொடுத்த கைடு, கீழே நாலைந்து சிலைகளைக் காட்டிவிட்டு, மேலே பார்க்க ஒன்றும் இல்லை, கிளம்பினால் வாசனைத் தைலக் கடைக்கும் பாப்பிரஸ் கடைக்கும் நேரம் இருக்கும் என்று அவசரப்படுத்தினார். தானிஸ் பொருட்கள் எங்கே என்று கேட்டதற்கு, அது சின்ன ராஜாக்களுடையது, துட்டன்காமன் மாதிரி இல்லை என்றார். அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டு நாங்களே ஏறினோம். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்தால் யோசிக்காமல் அதையே செய்யுங்கள்.

சரி, யார் இந்தச் சின்ன ராஜாக்கள்? எகிப்தின் 21-ஆவது, 22-ஆவது வம்சத்தினர், கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம். நைல் டெல்டாவின் வடகிழக்கில் தானிஸ் என்ற ஊர் அவர்களுடைய தலைநகரம், இன்றைய பெயர் சான் அல்-ஹகர். அந்தச் சமயத்தில் நாடு கிட்டத்தட்ட இரண்டாக இருந்தது. வடக்கில் தானிஸில் மன்னர்கள், தெற்கில் இன்றைய லக்சர் பக்கம் அமுன் கோயிலின் தலைமைக் குருமார்கள் கையில் அதிகாரம். அந்தத் தெற்குப் பக்கத்து மலைகளுக்கு நடுவே மன்னர்களின் பள்ளத்தாக்கில் இருந்த பழைய கல்லறைகளைத் திருடர்கள் சூறையாடி, பிறகு குருமார்களே மம்மிகளை எடுத்துத் திரும்பச் சுற்றி மறைவிடங்களில் அடுக்கிவைத்த காலமும் இதுதான். அதனால் தானிஸ் மன்னர்கள் தூரத்து மலைப் பள்ளத்தாக்கை நம்பவில்லை. தலைநகரின் கோயில் மதிலுக்கு உள்ளேயே, தரைக்கு அடியில், சின்னச் சின்னக் கல் அறைகளாகக் கட்டிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அதன் மேலேயே செங்கல் கட்டடங்கள் எழும்பி, கீழே கல்லறை இருப்பதே மறந்து போனது. முதலாம் சுசென்னஸ் என்ற மன்னனின் அறைக்குள் மூவாயிரம் வருஷமாகத் திருடன் கை படவில்லை. துட்டன்காமன் கல்லறையில்கூட, அடக்கம் செய்த கொஞ்ச காலத்திலேயே திருடர்கள் புகுந்து சில்லறைப் பொருட்களை எடுத்துப் போயிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அப்படியானால் இதைப் பற்றி நாம் ஏன் கேள்விப்படவே இல்லை? காலம் அப்படி. துட்டன்காமன் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922 நவம்பரில் கண்டுபிடித்தபோது உலகமே பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தானிஸில் பத்து வருஷமாகத் தோண்டிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஆய்வாளர் பியர் மோன்டே 1939 மார்ச்சில் இந்தக் கல்லறையைத் திறந்தார். முன்னறையில் இருந்த இரண்டாம் ஷோஷெங்க் மன்னனின் சவப்பெட்டியைத் திறக்கும்போது எகிப்து மன்னர் ஃபாரூக்கே நேரில் வந்து நின்றார். சில மாதங்களில் உலகப் போர். சுசென்னஸ் கிடந்த உள்ளறைக்குள் மோன்டே நுழைந்தது 1940 பிப்ரவரியில், அதே வருஷம் மே மாதம் ஜெர்மன் படை பிரான்ஸுக்குள் நுழைந்தது. யாருக்கு இதைப் படிக்க நேரம்? அந்த மனிதரின் வாழ்நாள் உழைப்பு செய்தித்தாளின் ஒரு மூலைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கணக்கு நேராகவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. துட்டன்காமன் பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. சுசென்னஸ் பெயரைக் கைடுகளே சரியாகச் சொல்வதில்லை.

இனி பொருட்களுக்கு வருவோம். சுசென்னஸின் வெள்ளிச் சவப்பெட்டியின் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இரண்டு நொடியில் நகர்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது தங்கம் இல்லை. அங்கேதான் நிற்க வேண்டும். எகிப்தில் தங்கம் கிழக்குப் பாலைவனத்திலும் நூபியாவிலும் தாராளமாகக் கிடைத்தது. வெள்ளி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதனால் வெகு காலம் வெள்ளிதான் அபூர்வச் சரக்கு. கடவுள்களின் சதை தங்கம், எலும்பு வெள்ளி, தலைமுடி நீலக்கல் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக வெள்ளியில் ஒரு மன்னனைப் படுக்க வைப்பது செலவைக் குறைக்கச் செய்த வேலை என்று நினைத்தால் நேர் தலைகீழ். தட்டத் தட்ட வெள்ளி இறுகிப் போகும், திரும்பத் திரும்ப நெருப்பில் காட்டி இளக்கினால்தான் அடுத்த அடி அடிக்க முடியும். அப்படி அடித்து ஆளுயரத்துக்கு ஒரு உருவம் செய்திருக்கிறார்கள். முகம் அமைதியாக, இளமையாக இருக்கிறது. நெற்றியில் மட்டும் ஒரு தங்கப் பட்டை, அதிலிருந்து தங்க நாகம் தலை தூக்குகிறது. கைகள் மார்பில் குறுக்காக, வளைகோலும் சாட்டையும் பிடித்தபடி. உடம்பு முழுக்க இறகு வரிகள், கூர்மையான உளியால் ஒவ்வொன்றாகக் கோடிழுத்தவை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வெளிச்சம் அந்த வரிகளில் ஓடுவது தெரியும். நேராக நின்று பார்த்தால் தெரியாது, அதனால் கொஞ்சம் சுற்றி வாருங்கள்.

தங்க முகமூடி பக்கத்தில். கீசாவில் துட்டன்காமனைப் பார்த்துவிட்டு வந்தால் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் கருத்து. துட்டன்காமன் முகமூடி பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, தலைத்துணியின் பட்டைகள் எல்லாம் நீலம் பதித்தவை, கழுத்தாரத்தில் நிறம் நிறமாகக் கற்களும் கண்ணாடியும், நெற்றியில் கழுகும் நாகமும் சேர்ந்து நிற்கும். கண்ணை நிரப்பும் வேலை அது. சுசென்னஸின் முகமூடியில் நிறத்தைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். தலைத்துணியின் கோடுகள் தங்கத்திலேயே கீறியவை, மார்பு ஆரத்தின் பூவிதழ்களும் கீறல்தான், நெற்றியில் நாகம் மட்டும். கண்ணிலும் புருவத்திலும் மட்டும் கறுப்பும் வெள்ளையும் நீலமும். அதனால் என்ன ஆகிறது என்றால், பார்க்கிறவன் பார்வை வேறெங்கும் அலையாமல் நேராக முகத்துக்குப் போகிறது. கன்னத்தின் வழவழப்பு, உதட்டோரத்தில் சிரிப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதிரி ஒரு மெல்லிய வளைவு. சுமார் 48 சென்டிமீட்டர் உயரம்தான். என்னைக் கேட்டால், இரண்டில் எது பெரிய கைவேலை என்று சண்டை போடத் தேவையில்லை, ஆனால் எதன் முன்னால் அதிக நேரம் நிற்க முடிந்தது என்றால் இதன் முன்னால்தான். ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் போனை முகத்துக்கு முன்னால் நீட்டவில்லை.

கல்பேழை விஷயம் இன்னும் சுவாரசியம். சுசென்னஸை மூன்று பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே செந்நிறக் கிரானைட் பேழை, அதற்குள் மனித வடிவில் கறுங்கல் பெட்டி, அதற்குள் வெள்ளி. வெளிப்பேழை அவனுக்காகச் செய்ததே இல்லை! இரண்டாம் ராம்சேஸின் மகன் மெர்னெப்தா, கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு முன்னால் ஆண்டவன், மன்னர்களின் பள்ளத்தாக்கில் தன் கல்லறைக்காகச் செய்துவைத்த பேழைகளில் ஒன்று அது. அவன் கல்லறையைக் காலி செய்தபோது பேழையை நைல் வழியாக டெல்டாவரை கொண்டுவந்து, பழைய பெயரை அழித்துச் சுசென்னஸ் பெயரை வெட்டியிருக்கிறார்கள். முழுதாக அழிக்கவில்லை, மெர்னெப்தாவின் பெயர் ஓரிடத்தில் தங்கிவிட்டது, அதை வைத்துத்தான் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. கறுங்கல் பெட்டியும் 19-ஆவது வம்சத்துப் பெரிய மனிதர் ஒருவருடையது. இதைப் பார்த்துவிட்டு, பாவம் ஏழை ராஜா, கடன் வாங்கிய பெட்டியில் படுத்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே வெள்ளியும் தங்கமும் கொட்டி வைக்க வசதி இருந்தவனுக்குக் கல் வெட்ட ஆள் கிடைக்காமல் போயிருக்குமா? ராம்சேஸ் குடும்பத்தின் பேழைக்குள் படுப்பதில் ஒரு பெருமை, ஒரு உரிமை கோரல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பேழை மூடியின் உட்புறத்தில் வான தேவதை நூத்தைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள், மல்லாந்து கிடக்கும் மன்னனின் மேல் அவள் கவிந்து படுத்திருக்கிற மாதிரி. மூடியை மூடிவிட்டால் உயிரோடு இருக்கும் எவர் கண்ணுக்கும் தெரியாத இடம் அது. அங்கே போய் இவ்வளவு அழகு.

மன்னனின் உடம்பு மிஞ்சவில்லை, எலும்புதான். டெல்டாவின் ஈரம் துணி, மரம், தோல் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. துட்டன்காமன் கல்லறையில் பூமாலைகூடக் காய்ந்து மிஞ்சியது, காரணம் தெற்கின் வறண்ட மண். தானிஸில் உலோகமும் கல்லும்தான் தப்பின. அதனால் இங்கே நாற்காலி, ரதம், கட்டில் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நகைகளும் பாத்திரங்களும்தான். எலும்பைப் பார்த்தவர் டக்ளஸ் டெரி, முன்பு துட்டன்காமன் மம்மியை ஆராய்ந்த அதே உடற்கூறு நிபுணர். 40 வருஷத்துக்கு மேல் ஆண்ட சுசென்னஸ் கிழவனாகி, மூட்டு நோயால் அவதிப்பட்டுத்தான் செத்தான் என்பது அவர் கண்டது. அந்த வெள்ளி முகத்தையும் தங்க முகத்தையும் பார்த்த பிறகு இதைப் படித்தால் மனசு கொஞ்சம் கனக்கும்.

அவன் உடம்பில் பூட்டியிருந்தவை ஒரு பெரிய பட்டியல். விரல் ஒவ்வொன்றுக்கும் தங்க உறை, கால் விரலுக்கும் தனித்தனியாக, தங்கச் செருப்பு, வளையல்கள், மோதிரங்கள், ஆயிரக்கணக்கான சின்னத் தங்க வட்டுகளைக் கோத்த கனமான கழுத்தணிகள். எல்லாரும் அந்தக் கழுத்தணிகளில் நின்றுவிடுகிறார்கள். நான் சொல்வது ஒரு சின்னத் தங்கத் தகடு. உடலைப் பதப்படுத்தும்போது இடது பக்க வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை எடுப்பார்கள், அந்தக் கீறலின் மேல் வைத்து மூடும் தகடு அது. நடுவில் பருந்துக் கடவுள் ஹோரஸின் கண், இரண்டு பக்கமும் உள்ளுறுப்புகளைக் காக்கும் ஹோரஸின் மகன்கள் நால்வர், ஒவ்வொருவர் பெயரும் மேலே எழுதியிருக்கிறது. மூலைகளில் துளைகள். வெட்டுக்காயத்துக்கு மேல் வைக்கிற ஒரு தகட்டில் இவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்ட கையை நினைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன்.

இன்னொன்று, கண்ணில் படாமலே தாண்டிவிடக்கூடியது. சுசென்னஸின் கழுத்தணி ஒன்றில் லாபிஸ் லசூலி உருண்டைகள், ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த ஆழ்ந்த நீலக்கல். அவற்றில் ஒரு மணியில் ஆப்பு வடிவ எழுத்தில் ஒரு வாசகம், அதாவது மெசபடோமிய எழுத்து. அசீரிய நாட்டின் உயரதிகாரி ஒருவர் தன் மகளுக்காகக் கடவுள்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்த மணி அது. எங்கோ டைக்ரிஸ் ஆற்றங்கரையில் ஒரு அப்பா மகளுக்காக வேண்டிக்கொண்டது எப்படியோ கைமாறிக் கைமாறி எகிப்து மன்னன் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பரிசாகவா, வியாபாரத்திலா, யார் கண்டது. இந்த ஒரு மணிக்காக நான் திரும்பவும் டிக்கெட் வாங்குவேன்.

அதே கல்லறைக்குள் இன்னும் மூன்று பேர். இரண்டாம் ஷோஷெங்க் மன்னனின் சவப்பெட்டியும் வெள்ளிதான், ஆனால் மனித முகத்துக்குப் பதிலாகப் பருந்துத் தலை. அவன் உள்ளுறுப்புகளை வைத்த பெட்டிகளும் வெள்ளியில் செய்த குட்டிச் சவப்பெட்டிகள், நாலு. தன் முன்னோன் முதலாம் ஷோஷெங்கின் பெயர் பொறித்த, ஹோரஸ் கண் பதித்த வளையல்களைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அடுத்து அமெனெமோபே மன்னன், சுசென்னஸின் அரசி முத்நெஜ்மெத்துக்காகக் கட்டிய அறையில் கொண்டுவந்து வைத்தவன். அவனுடைய பொருட்களில் வேலைப்பாடு குறைவு, பொக்கிஷம் வற்றத் தொடங்கியது கண்ணுக்கே தெரிகிறது. மூன்றாவது ஆள் மன்னனே இல்லை, படைத்தளபதி வெந்ஜெபாவெந்ஜெத். மோன்டே போர் முடிந்து திரும்பி வந்து 1946-இல் கண்டுபிடித்த அறை அவனுடையது. மன்னர் கல்லறைக்குள்ளேயே இடம் கிடைத்த தளபதி என்றால் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அவனுக்கு மன்னன் கொடுத்த பாத்திரங்களில் ஒரு தட்டு இருக்கிறது, நடுவில் தங்கம், சுற்றி வெள்ளி. அந்தத் தங்க வட்டத்துக்குள் தாமரைக் குளத்தில் பெண்கள் நீந்துகிறார்கள், மீன்களுக்கும் வாத்துகளுக்கும் நடுவில். இறந்தவனுக்கு வைத்த பொருள்களிலேயே இவ்வளவு சந்தோஷமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பூ வடிவில் ஒரு தங்கக் கிண்ணமும் உண்டு, இதழ்கள் இரண்டு நிற உலோகத்தில் மாறி மாறி வரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். தானிஸ் பொருட்களில் பல வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போய்வந்தபடி இருக்கின்றன. நீங்கள் போகும் நாளில் எது இருக்கும், எது இருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகவே போகிறீர்கள் என்றால், அது ஊரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கண்காட்சிக்கு அனுப்பத் தயார் செய்தபோதுதான் அந்தக் கொடுமை நடந்தது. அமெனெமோபேயின் தங்க வளையல் ஒன்று, நீலக்கல் மணி பதித்தது, 2025 செப்டம்பரில் ரோம் கண்காட்சிக்காகப் பொருட்களை எடுத்துவைக்கும் சமயத்தில் இதே மியூசியத்தின் பராமரிப்புக் கூடத்திலிருந்து காணாமல் போனது. அங்கே வேலை பார்த்தவரே எடுத்து விற்றார் என்றும், வெள்ளி வியாபாரி, தங்க வியாபாரி என்று கைமாறிக் கடைசியில் பட்டறையில் மற்றத் தங்கத்தோடு சேர்த்து உருக்கிவிட்டார்கள் என்றும் எகிப்து உள்துறை அமைச்சகம் அறிவித்தது. முதலில் விற்ற விலை 1,80,000 எகிப்திய பவுண்டு, சுமார் 3,700 டாலர். பழங்காலத்துத் திருடர்களும் உலகப் போரும் தொடாமல் விட்ட ஒரு பொருளை, நம் காலத்தில், பாதுகாப்பாக இருக்க வேண்டிய இடத்திலிருந்தே எடுத்து உருக்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கொள்ளையடித்தவர்கள் செய்ததும் இதுதான், நகையை உருக்கிவிட்டால் அடையாளம் போய்விடும். உலகத்தின் கவனம் முழுக்க கீசாவுக்குப் போய்விட்டால் தஹ்ரீரில் இருப்பவற்றை யார் கேட்பது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. ஆட்கள் போய்ப் பார்க்கப் பார்க்கத்தான் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் பணம் வரும்.

மியூசியத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் உதவியிருக்கிறது. டூரின், லூவர், பிரிட்டிஷ் மியூசியம், பெர்லின், லைடன் மியூசியங்கள் கூட நின்றன. பழைய பாணியில் பொருட்களை அடுக்கிவைத்த கூடங்கள் இன்னும் உண்டு, விளக்கக் குறிப்பு ஒரு பெட்டியில் விரிவாகவும் அடுத்த பெட்டியில் ஒற்றை வரியாகவும் இருக்கும். போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் செலவழித்து 21-ஆவது வம்சத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு போனால் பத்து மடங்கு பலன் கிடைக்கும். வெயில் காலத்தில் மாடி புழுக்கமாக இருக்கும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியிலேயே யூயா, த்ஜூயா தம்பதியின் பொருட்களையும் பார்த்துவிடுங்கள். 1905-இல் கண்டுபிடித்த கல்லறை, மூன்றாம் அமென்ஹோதெப்பின் மாமனார் மாமியார், அரசி தியேயின் பெற்றோர். த்ஜூயாவின் தங்கப்பூச்சு முகமூடியின் மேல் போர்த்திய மெல்லிய துணி கறுத்துப் போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூயாவோடு வைத்த இறந்தோர் நூல், அதாவது மறுமைப் பயணத்துக்கான மந்திரங்கள் எழுதிய சுருள், ஏறத்தாழ 20 மீட்டர் நீளம். துட்டன்காமன் பொருட்களைச் செய்தவர்களுக்கு ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்திய கைகள் எப்படி வேலை செய்தன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

போக்குவரத்து சுலபம். மெட்ரோவில் சதாத் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். டிக்கெட் விலை கீசாவில் கொடுப்பதில் பாதிகூட வராது. வாசலுக்கு முன்னால் யாராவது வந்து இன்றைக்கு மியூசியம் மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும், அதுவரை என் கடைக்கு வாருங்கள் என்று சொன்னால் காதில் வாங்காமல் நடங்கள். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், திறந்ததும் நேராக மாடிக்குப் போய் தானிஸை முடித்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. கூட்டம் எல்லாம் கீழிருந்துதான் தொடங்கும். கீசாவையும் தஹ்ரீரையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம், முதல் நாள் கீசா, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தஹ்ரீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஆசை அடங்கவில்லை என்றால் தானிஸுக்கே போகலாம். சான் அல்-ஹகர் கிராமத்துக்குக் கெய்ரோவிலிருந்து காரில் சில மணி நேரம். வழக்கமான சுற்றுலாப் பட்டியலில் இல்லாத இடம், அதனால் வண்டிக்காரரிடம் போகவர, காத்திருக்க என்று மொத்தமாக முன்னாலேயே பேசி வையுங்கள். பக்கத்து ஊரான பழைய பி-ராம்சேஸிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த ராம்சேஸ் காலத்துத் தூண்களும் சிலைகளும் மண்ணில் சாய்ந்து கிடக்கின்றன, அவற்றுக்கு நடுவில் இந்தக் கல் அறைகள். அங்கே வேலை இன்னும் முடியவில்லை. 2025-இல்கூட இரண்டாம் ஒஸோர்கோனின் கல்லறைக்குள் மூன்றாம் ஷோஷெங்க் மன்னனுடைய 225 உஷப்தி பொம்மைகளை, அதாவது மறுமையில் மன்னனுக்குப் பதில் வேலை செய்ய வைக்கும் பொம்மைகளை, பிரெஞ்சு–எகிப்திய குழு வெளியே எடுத்தது. அவற்றை எப்போது, எங்கே காட்சிக்கு வைக்கப்போகிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.